இரையும் தீவனமும்

கட்டிலுக்கு அடியில் கட்டிப் போட்டிருந்த பழைய இதழ்களில் எலி புகுந்துவிட்டது. பத்து வருஷச் சேகரம். உறை பிரிக்காமலே கிடந்தவையும் அதில் உண்டு என்பதை இந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒப்புக்கொள்ளலாம். மூட்டையை இழுத்துப் பிரித்தபோது, எலி தின்றுவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னேன். அப்படித்தானே சொல்வோம். குனிந்து பார்த்தபோது அது ஒரு வரியையும் தின்றிருக்கவில்லை என்று தெரிந்தது. நாடா நாடாகக் கிழித்து, பஞ்சுபோலப் பிய்த்து, படுக்கை போட்டிருந்தது. தின்றது ஒன்றே ஒன்றுதான்: சில இதழ்களின் முதுகுப்புறத்தில் நானே அட்டை ஒட்டுவதற்காகத் தடவியிருந்த மைதாப் பசை. பசை இருந்த இடம் அதற்கு உணவு. மற்றதெல்லாம் வீடு.

காகிதம் மரத்திலிருந்து வருவது. எலியின் வெட்டுப்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். அதனால் கதவைக் கடிக்கும், அலமாரியைக் கடிக்கும். கடிப்பது வேறு, தின்பது வேறு. முழு மரத்தையே வெட்டிச் சாய்க்கிற பீவர்கூட மரத்தைத் தின்பதில்லை. இலையையும் பட்டையையும் பட்டைக்கு அடியில் இருக்கும் இளம் படலத்தையும் தின்றுவிட்டு, கட்டையை அணை கட்டப் போட்டுவிடுகிறது. கொறிக்கும் இனம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை அறிந்தே வைத்திருக்கிறது.

அதே வாரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஒரு கடன் மனு வந்தது. மனுதாரர் செல்லப்பிராணிக் கடைகளுக்கு வெள்ளை எலியும் கினிப்பன்றியும் வளர்த்துக் கொடுப்பவர். (கினிப்பன்றி பன்றியும் அல்ல, கினியிலிருந்து வந்ததும் அல்ல, ஆண்டீஸ் மலை மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்த்துத் தின்றுவரும் கொறிவிலங்கு. பெயர் வைத்தவர்களின் பூகோளம் அவ்வளவுதான்.) கூண்டுகளைப் பெருக்க அவருக்குப் பணம் வேண்டும். திட்ட அறிக்கையில் 'தீவனம்' என்ற வரிக்கு எதிரே இருந்த தொகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. பூஜ்யம் ஒன்று விட்டுப்போயிற்றா என்று கேட்டேன்.

"இல்ல சார், சரியாத்தான் போட்ருக்கேன். பக்கத்துல மரம் அறுக்கிற மில்லு. தூளு சும்மா கெடக்குது. சுண்ணாம்புத் தண்ணில ஊறப்போட்டு, அலசி, வேகவச்சுக் காயவச்சு, கொஞ்சம் தவுடு, வெல்லப்பாகு சேத்து அச்சுல புடிச்சா தீனி ரெடி. பாதிக்குப் பாதி தூளு சார்."

மாட்டுக்கு வைக்கோலை யூரியாவில் ஊறவைக்கும் முறையைக் கால்நடைத் துறை பல வருஷங்களாகச் சொல்லித் தருகிறது. அதைக் கேட்டு இதைத் தானே யோசித்ததாகச் சொன்னார். குரலில் கண்டுபிடித்தவனின் சந்தோஷம் இருந்தது. பிறர் கண்டுபிடித்த கணக்குகளைச் சரிபார்த்தே வயிறு வளர்க்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டாயிற்று.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. மனு கிளப்பிவிட்ட ஒரு கேள்வியைப் பற்றி. ஓர் உயிரால் எதைத் தின்று உயிரோடு இருக்க முடியுமோ அதெல்லாம் அதற்கு உணவாகிவிடுமா?

மரத்தில் ஏறத்தாழப் பாதி செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது சர்க்கரைக் கண்ணிகளால் ஆன சங்கிலி. அரிசியின் மாவுச்சத்தும் அதே கண்ணிகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. ஆகவே பசித்த உயிர் எதன் முன்பும் மரம் ஒரு பூட்டிய களஞ்சியம். பூட்டு லிக்னின் என்கிற பொருள். காரத்தில் ஊறவைப்பது, அழுத்தமான நீராவியில் வேகவைத்துச் சட்டென்று அழுத்தத்தை விடுவிப்பது, பூஞ்சணத்துக்குக் கொடுப்பது எல்லாம் அந்தப் பூட்டைத் தளர்த்தும் வழிகள். தென் சிலியின் காடுகளில் மனிதன் கைவைக்காமல் பூஞ்சணமே இந்த வேலையைச் செய்கிறது. வெளுத்து மிருதுவாக அழுகிய கட்டைக்கு அங்கே 'பாலோ போத்ரீதோ' என்று பெயர், மாடுகளுக்குப் போடுகிறார்கள். 1893லேயே இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். பூட்டைத் தளர்த்திய பிறகும் சங்கிலியை அறுப்பது விலங்கு அல்ல, அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். மாட்டுக்கு அதற்கென்று முன்வயிறு இருக்கிறது. கினிப்பன்றிக்குப் பெரிய குருட்டுக்குடல் இருக்கிறது. வெள்ளை எலிக்கு அந்த வசதி குறைவு. மனுதாரரின் அச்சுத் தீனியில் பாதி, எலிக்கு வயிற்றை நிரப்பும் கனம், அவ்வளவுதான்.

'பதப்படுத்துதல்' என்ற சொல்லை நாம் மரத்தின் விஷயத்தில் இரண்டு எதிரெதிர்க் காரியங்களுக்கு வழங்குகிறோம். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்பவர் தாமிரம், குரோமியம், ஆர்ஸெனிக் மூன்றும் சேர்ந்த ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். அதில் ஊறிய மரத்தைக் கரையான் தொடாது. உலகம் முழுவதும் மின்கம்பமும் வேலியும் அதில் ஊறின. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்தினார்கள், ஆர்ஸெனிக் மண்ணில் கசிகிறது என்று. அது எதுவும் தின்னாதபடி மரத்தைப் பதப்படுத்துவது. மனுதாரர் செய்வது, எதுவோ தின்றே தீரும்படி பதப்படுத்துவது. இரண்டின் தூளும் மில்லின் மூலையில் ஒரே குவியலில் கிடக்கலாம். இந்த அபாயத்தை அவரிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்; புதிய மரத்தூளை மட்டும் எடுப்பதாகச் சொன்னார். விஷம் என்றால் யாருக்கும் புரிகிறது. விஷம் இல்லாததுதான் பிரச்னை.

நம் மொழியில் பதம் என்றால் சொல். பதம் என்றால் சோறு வெந்திருக்கும் நிலையும்கூட. பானையில் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பதம் பார்க்கிறவள் அரிசியை மட்டும் பார்ப்பதில்லை. உட்காரப் போகிறவனின் பல்லையும் நாக்கையும் மனசில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். மரத்தூளுக்குப் பதம் பார்க்கிறவர் எதை மனசில் வைத்துக்கொள்கிறார்?

இதெல்லாம் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது கடல்வழி அடைபட்ட ஸ்வீடனில், காகிதக் கூழ் ஆலைகளே மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனச் செல்லுலோஸ் தயாரித்தன. ஜெர்மனியிலும் ஸோவியத் யூனியனிலும் மரத்தை அமிலத்தில் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையில் ஈஸ்ட் வளர்த்து, அதைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு லெனின்கிராட். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அந்த முற்றுகை நகரத்தில் தொழிலாளி அல்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு ரொட்டி 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவு முழுசாக இல்லை. மரத்திலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய செல்லுலோஸும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கலந்திருந்தன. மரத்தைத் தின்னத் தக்கதாக்கும் வழியைத் தேடியவர்கள் அந்த நகரத்து விஞ்ஞானிகள்; அவர்களும் அதே பசியில் இருந்தார்கள்.

அதே நகரத்தில், அதே மாதங்களில், வாவிலோவ் உலகமெங்கும் சுற்றிச் சேகரித்த விதைகள் பயிர்த்தொழில் நிலையத்தின் அறைகளில் இருந்தன. நெல், கோதுமை, நிலக்கடலை, உருளைக்கிழங்கு. ஊழியர்கள் அவற்றைக் குளிரிலிருந்தும் திருடர்களிடமிருந்தும் காத்தார்கள். எல்லாவற்றையும்விட எலிகளிடமிருந்து காத்தார்கள். அவர்களில் சிலர் பட்டினியால் செத்தார்கள். நெல் வல்லுநர் ஒருவர் நெல் பொட்டலங்களுக்கு நடுவே செத்தார். வாவிலோவும் 1943 ஜனவரியில் ஸராடோவ் சிறையில் பட்டினியால் நலிந்து செத்தார். இந்தக் காட்சியிலிருந்து என்னால் விலக முடியவில்லை. வெளியே மனிதன் மரத்தைத் தின்கிறான். உள்ளே மனிதன் தானியத்தைத் தின்ன மறுத்துச் சாகிறான். எலி இரண்டு பக்கமும் போய்வருகிறது. அதற்கு எது உணவு என்பதில் குழப்பமே இல்லை.

நண்பர் ஒருவர், கவிஞர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுல தர்மசங்கடம் எங்கய்யா இருக்கு? மெட்ராஸ் மாடு சுவரொட்டியை நக்கித் தின்னுட்டுப் பால் கொடுக்கலையா? காலைல நீ போட்டுக்கிட்டியே தலைவலி மாத்திரை, அதுக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கிற?" அவர் சொன்னது நியாயம். பல மாத்திரைகளை உருக்குலையாமல் பிடித்துவைத்திருப்பது நுண்துகள் செல்லுலோஸ், பெரும்பாலும் மரக்கூழிலிருந்து எடுப்பது. 1950களில் அமெரிக்காவில் ரேயான் செய்த ஒரு கம்பெனியின் ஆராய்ச்சியில் பிறந்தது. ஐஸ்கிரீமிலும் அது உண்டு. சோதனைச்சாலை எலிகளுக்கென்று 1977இல் அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர்கள் வெளியிட்ட தீவன வாய்பாட்டிலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு செல்லுலோஸ். நம் மருந்துகளெல்லாம் கடந்துவந்த எலிகள், ஓரளவுக்கு, மரம் தின்ற எலிகள்தான்.

கழிவைக் கொடுப்பது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. கழிவு என்பதே கணக்குப் புத்தகத்தில் பிறக்கும் சொல். என் சின்ன வயதில் பாட்டி வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைப்பார்கள். ஐஸ் கட்டி மரத்தூளில் புதைந்து வந்த காலத்தைப் பாட்டி சொல்வாள். அன்றைக்கு மில்காரன் தூளைச் 'சும்மா' கொடுக்கவில்லை. மேலும், வீட்டு விலங்கு என்ற ஏற்பாடே மனிதனின் மிச்சத்தில்தான் நிற்கிறது. கழுநீர், தவிடு, புண்ணாக்கு, தோல், தொட்டி. பெரு நாட்டு மலைக் குடிசைகளில் கினிப்பன்றிகள் சமையலறைத் தரையிலேயே ஓடித் திரியும். காய்கறித் தோலும் புல்லும் குதிரைமசாலும் தின்று வளரும். திருநாளில் அடுப்பில் ஏறும். குஸ்கோ நகரத்துத் தேவாலயத்தில் 18ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் ஸபாட்டா வரைந்த கடைசி இராவுணவில், ஏசுவின் முன்னால் தட்டில் கிடப்பது அதுதான் என்கிறார்கள். இதில் என்னை உறுத்துவது எதுவும் இல்லை. நான் ஆட்டுக்கறி தின்கிறவன்.

பின் எதுதான் உறுத்துகிறது?

பெந்தாம் 1789இல் கேட்ட கேள்வி, விலங்குக்கு அறிவு உண்டா என்பதல்ல, அது வேதனைப்படுமா என்பது. பெரிய கேள்வி, ஆனால் இங்கே அது எதையும் பிடிப்பதில்லை. சரியான அளவில் சத்து கலந்த மரத்தூள் உருண்டையைத் தின்னும் கினிப்பன்றி வேதனைப்படாமல் இருக்கலாம். எடை ஏறும். குட்டி போடும். இங்கிலாந்தில் 1965இல் பிராம்பெல் குழு பண்ணை விலங்குக்குக் குறைந்தபட்சம் எழ, படுக்க, திரும்ப, உடம்பைத் துடைத்துக்கொள்ள, காலை நீட்ட இடம் வேண்டும் என்றது. 1979க்குப் பிறகு ஐந்து சுதந்திரங்கள் என்று அதை விரித்தார்கள். அதிலும் பசியின்மையும் ஆரோக்கியம் தரும் உணவும்தான் பேச்சு. தட்டில் வைத்ததை வேண்டாம் என்று தள்ளும் சுதந்திரத்தை யாரும் எண்ணவில்லை.

எலியின் விஷயத்தில் இது சிறிய விஷயம் அல்ல. எலியால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியதைத் திருப்பி அனுப்ப வழி இல்லாத காரணத்தால், வாசலிலேயே அவ்வளவு கறாராக இருக்கிறது. புதுப் பொருளை உடனே தொடாது. தொட்டாலும் கொஞ்சமே கொறிக்கும். பிறகு உடம்பு கெட்டால் அந்தச் சுவையை மறக்காது. 1955இல் கார்ஸியா இதைச் சோதனையில் காட்டினார். பால்டிமோரில் கர்ட் ரிக்டர் இன்னும் ஒரு படி போனார். புரதம், சர்க்கரை, எண்ணெய், உப்பு, ஈஸ்ட் என்று தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துவிட்டு எலியின் போக்குக்கு விட்டார். நிபுணர்கள் கலந்துகொடுத்த தீவனத்தைத் தின்ற எலிகளுக்கு இணையாக அவை வளர்ந்தன, அதைவிடக் குறைந்த உணவிலேயே. அட்ரீனல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகள் உப்புநீரைத் தேடிக் குடித்து உயிர் பிழைத்தன. இதே ரிக்டர்தான் போர்க்காலத்தில் எலிகளைக் கொல்ல ஒரு புது விஷத்தையும் உருவாக்கிக் கொடுத்தார். எலியின் நாக்கை இவ்வளவு மதித்த வேறு மனிதன் இல்லை; இரண்டு காரியத்துக்கும் அந்த மதிப்பு தேவைப்பட்டது.

அச்சுத் தீனி, மாட்டுத் தீவனக் கடையில் 'பெல்லட்' என்று விற்பது, இந்த நாக்குக்கு எதிராகச் செய்யப்பட்ட சாதனம். தூளாகப் போட்டால் விலங்கு தானியத்தைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்க முடியாதபடி எல்லாவற்றையும் ஒரே கட்டியாக அழுத்துவதுதான் அதன் லாபம் என்று தீவன நூல்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன. வெல்லப்பாகு மூக்கை ஏமாற்ற. கூண்டுக்குள் வேறு எதுவும் இல்லாதது மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அடால்ஃப் 1947இல் எழுதிய கட்டுரையில், எலிக்கு உணவோடு சத்தில்லாத பொருளைக் கலந்தால் அது அந்த அளவுக்கு அதிகமாகத் தின்று கணக்கை நேர்செய்துகொள்கிறது என்று காட்டியிருக்கிறார். என்னைவிட நல்ல கணக்கர். ஆனால் அந்த நேர்செய்தலுக்கு வயிறு என்ற எல்லை உண்டு. எல்லைக்குள் இருக்கும்வரை, எலி மறுக்கவில்லை, விரும்பித் தின்கிறது, நிறையத் தின்கிறது என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

தமிழில் காட்டு விலங்குக்கு இரை. கட்டிப்போட்ட விலங்குக்குத் தீவனம், தீனி. இரை தேடுவது, தீவனம் போடுவது. ஒன்றை மற்றதாக மாற்றும்போது விலங்கின் தேடலையும் சேர்த்து நாம் வாங்கிக்கொள்கிறோம். வாங்கியதற்கு ஈடாக என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. குடிசைத் தரையில் ஓடும் கினிப்பன்றி தோலைத் தின்று தண்டை விட்டுவிடுகிறது. வீட்டுக்காரி மறுநாள் தண்டைப் பெருக்கித் தள்ளுகிறாள். இருவருக்கும் இடையில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. நம்மிடம் விலங்கு பேசக்கூடிய சில வாக்கியங்களில் முக்கியமானது தொட்டியில் அது மிச்சம் வைப்பது. பெல்லட் மிச்சம் வைப்பதற்கு இடம் கொடுப்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. விருப்பம் அளவுகோல் அல்ல. குழந்தையை விட்டால் சர்க்கரையைத்தான் தின்னும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்தார்கள். அன்றைய கணக்கின்படி அது முழு உணவு. அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. கினிப்பன்றியாலும் மனிதனைப் போலவே வைட்டமின் ஸியைத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அந்தப் பொருளுக்கு அன்று பெயர்கூடக் கிடையாது. நம் வாய்பாடு எப்போதும் நமக்குத் தெரிந்ததன் வாய்பாடு. விலங்கின் மறுப்புக்கு இடம் விடுவது கருணை என்பதைவிட, நம் அறியாமைக்கு இடம் விடுவது.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றை எதிர்பார்ப்பார் என்று தெரியும். வாரப் பத்திரிகைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் நமக்குப் போடும் பெல்லட்டுகள், நாம் கூண்டு எலிகள் என்று. முதல் பிரதியில் அப்படி ஒரு பாரா எழுதியும்விட்டேன். சரளமாக வந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். எலியை உவமையாக்கிய மறுகணம் எலி காணாமல் போய்விடுகிறது. கூண்டில் இருப்பது அதுதான், நான் அல்ல. எனக்கு மாலை ஐந்தரைக்கு வெளியே போக முடிகிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை, அது உவமை அல்ல என்பதால். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வீட்டுக்கு வந்த ரேஷன் அரிசி ஒரு மாதம் தாங்க முடியாத வாடை. அம்மா ஏழெட்டுத் தண்ணீர் களைவாள். எதிர்வீட்டில் அதே அரிசியை வாங்கி மாட்டுக்குக் காய்ச்சி வைப்பது வழக்கம். அந்த மாதம் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. எதிர்வீட்டு அத்தை அதை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "மாட்டுக்கு ஏத்தம் பாத்தியா அக்கா." அம்மாவும் சிரித்தாள். உள்ளே வந்து எங்களுக்குச் சோறு போட்டாள். நாங்கள் தின்றோம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியது அதே வருஷம்தான். புலியின் பெருமையாக அதை யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். புலியால் புல்லைச் செரிக்க முடியாது. பெருமை எதுவும் இல்லை. செரிக்கவும் முடிகிற, போக வேறிடமும் இல்லாத பிராணிகளைப் பற்றிப் பழமொழி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டு எலிக்குப் பொறி வைத்தாயிற்று. மசால்வடை வைக்கலாமா, சுட்ட கருவாடா, தேங்காய்ச் சில்லா என்று மனைவியும் நானும் யோசித்தோம். தேங்காய்ச் சில்லை நெருப்பில் வாட்டி மாட்டினோம், வாசனை வர வேண்டும் என்று. இன்னும் பிடிபடாத எலிக்கு இவ்வளவு உபசாரம்.

மனுதாரர் அடுத்த வாரம் மறுபடி வந்தார். கினிப்பன்றிக்குப் பச்சைத் தழை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஈறு வீங்கிச் செத்துப்போகும் என்று சொன்னேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தினமும் அகத்தி ஒரு கட்டு போடுகிறாராம். எலிக்கு? "எலிக்கு எதுக்கு சார் தழை." முதல் தடவை அந்த உருண்டையைப் போட்டபோது எலிகள் என்ன செய்தன என்று கேட்டேன்.

"மொத நாளு தொடல சார். மோந்து பாத்துட்டு மூலைல போயி உக்காந்துக்கிச்சுங்க."

"அப்புறம்?"

"ரெண்டாம் நாளு, மூணாம் நாளு... திங்காம எங்க சார் போவும்."

மேனேஜர் உள்ளிருந்து ஃபைல் கேட்டார். தீவனம் என்ற வரிக்கு எதிரே இருந்த தொகையை நான் மாற்றவில்லை. கூட்டிப் பார்த்து, சரி என்று பென்சிலில் ஒரு குறி போட்டு, எடுத்துக்கொண்டு போனேன்.